பூட்டுப் பலகை

செப்டம்பர் 24, புதன். தஞ்சாவூர்

மாலை நான்கு மணி. கார் வாசலில் நிற்கிறது. இரண்டு பெட்டிகள். பெரியதில் இருபத்திரண்டு கிலோ. அதில் ஒரு பெரிய பை நிறையப் பொரி.

"எதுக்கும்மா பொரி?"

"கெடக்கட்டும். அது ஒரு வெயிட்டா?"

அம்மாவின் பெயர் மங்கையர்க்கரசி. அறுபது வயது. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஏப்ரலில் ஓய்வு பெற்றாள். இதுவரை போன அதிகபட்சத் தொலைவு, அப்பாவோடு கட்சி மாநாட்டுக்காகக் கோயம்புத்தூர்.

அம்மாவிடம் சொல்லியிருப்பது: அண்ணிக்கு நவம்பரில் பிரசவம், சுவீடனில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம்.

அண்ணனும் நானும் முடிவு செய்திருப்பது: இனி அங்கேதான்.

"மொதல்ல கூட்டிட்டு வந்து சேருடா கிள்ளி. கொழந்த பொறந்தப்புறம் நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றான் அண்ணன் செழியன். நான் பத்து நாளில் தனியாகத் திரும்புவேன். வாடகை வீட்டைக் காலி செய்து, பதினைந்தாம் தேதிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசியாயிற்று.

காரணங்கள் எல்லாம் நியாயமானவை. பட்டியல் போட்டால் ஏழு வருகிறது. ஜனவரியை அதில் சேர்க்கவில்லை.

அம்மா கதவைப் பூட்டினாள். சாவியை என் கையில் வைத்தாள். காரில் ஏறினாள்.

ஏதோ ஒன்று விட்டுப்போனது என்று கும்பகோணம் தாண்டும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு பிடிபட்டது. அம்மா எந்தக் கதவைப் பூட்டினாலும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைக் கடைக்குப் போனால்கூட. "பூட்டுக்கு வலிக்கப்போவுதுடி" என்பார் அப்பா, இருந்த காலத்தில். இன்று ஒரு முறைகூட இழுக்கவில்லை.

முதல் விமானப் பயணம், பதற்றம். அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன். சென்னை – பிராங்க்பர்ட் – கோத்தன்பர்க்

ஒரே தேதிக்குள் இத்தனை இடங்கள். தேதி என்பது இடத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

விமானம் எழும்பியபோது அம்மா பயப்படவில்லை. கம்பளியை முகர்ந்து பார்த்தாள். ஓரத் தையலைத் திருப்பினாள்.

"நல்ல சூட்டுலதான் துவைச்சிருக்கான். காய வுடாம மடிச்சுட்டான்."

"யாரும்மா?"

"எவனோ. இம்புட்டையும் தெனம் எங்க கொண்டு துவைப்பாங்க?"

எனக்கு ஒருபோதும் தோன்றியிராத கேள்வி. முந்நூறு பேர், முந்நூறு கம்பளி. இன்னும் இருபது மணி நேரத்தில் இதே கம்பளி வேறொருவர் மடியில். அம்மா பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

விடிந்தபோது கீழே மேகம். "நொரை வழிஞ்சு கெடக்கு பாரு" என்றாள். சலவைத் தூள் அதிகமாகிவிட்டால் இப்படித்தான் தரையெல்லாம் ஓடுமாம். ஒரு தடவை குழந்தைகள் வார்டு வரைக்கும் போய்விட்டதாம். இருபத்தாறு வருடம் அம்மாவோடு இருந்திருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

பிராங்க்பர்ட்டில் கடவுச்சீட்டுச் சோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வழுக்கைத் தலை அதிகாரி. எவ்வளவு நாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா என்னை முந்திக்கொண்டாள். "த்ரீ மந்த். டாட்டர் இன் லா. பேபி."

அவர் தாளைப் புரட்டினார். "ஒன் இயர்" என்றார். ஒரு வருட அனுமதி இருக்கிறதே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். புன்னகைத்தார். அவருக்கு அது நல்ல செய்தி.

"என்னடா சொல்றாரு?"

"நல்வரவுங்கறாரு."

அம்மா அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். நான் தரைக்கல்லைப் பார்த்தேன். சாம்பல் நிறம், நடுவில் கறுப்புப் புள்ளிகள்.

நகரும் நடைபாதையில் அம்மா இரண்டு முறை போய் வந்தாள். நேரம் இருந்தது.

மதியம் கோத்தன்பர்க். மேலிருந்து பார்க்கையில் கடலா நிலமா என்று முடிவெடுக்காத இடம். பாறைகள், தீவுகள், இருண்ட மரங்கள், நடுநடுவே தண்ணீர் வெள்ளித் தகடாக. இறங்கியதும் காற்று. பக்கவாட்டிலிருந்து வந்து, காதுக்குள் நுழைந்து, எங்கும் தங்காமல் போகிற காற்று.

அண்ணன் வந்திருந்தான். நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன், அவன் குரல் தணிந்திருக்கிறது. பேருந்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் பேசினோம் என்பது பாதி வழியில் தெரிந்தது. பிறகு நாங்களும் பேசவில்லை.

"ஏண்டா, எதாச்சும் துக்கமா?" என்று அம்மா அண்ணன் காதில் கேட்டாள்.

"இல்லம்மா. இங்க இப்படித்தான்."

"யாரும் சொல்லாமயா இருக்காங்க?"

அண்ணன் சிரித்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

பார்த்தவை.

வீடுகளுக்குத் திரைச்சீலை இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு, பகலிலும் எரிகிறது. உள்ளே நாற்காலி, செடி, புத்தக அலமாரி. ஆள் இல்லை. "எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டு எங்கதான் போவாங்க?" அம்மா நின்று நின்று பார்க்கிறாள். நான் கையைப் பிடித்து இழுக்கிறேன். பார்க்கக் கூடாதா, பார்க்கத்தான் வைத்திருக்கிறார்களா?

டிராம். நீலமும் வெள்ளையும். நடத்துநர் இல்லை, யாரும் சீட்டு கேட்பதில்லை. நிறுத்தத்தில் ஆளுக்கு இரண்டு கை அகலம் விட்டு நிற்கிறார்கள். அம்மா இயல்பாக ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் அரையடி நகர்ந்தாள். அம்மாவும் நகர்ந்தாள். இப்படியே நிழற்குடையின் ஓரம் வரை போனார்கள்.

ஒரு வேலிக்கு வெளியே ஆப்பிள் பெட்டி. ஏதோ எழுதிய அட்டை. அண்ணி மேகலா படித்துச் சொன்னாள்: வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

"காசு?"

"சும்மாதான் அத்தை. தோட்டத்துல நிறைய காய்ச்சிருச்சு, அதான்."

அம்மா ஒன்று எடுத்தாள். துடைத்தாள். திரும்ப வைத்தாள். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்துவந்தாள்.

எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இன்று வேண்டாம்.

செப்டம்பர் 27, சனி

அண்ணி எங்களை அடித்தளத்துக்கு அழைத்துப் போனாள். இந்தக் கட்டடத்தில் பதினெட்டு வீடு. யாருடைய வீட்டிலும் துவைக்கும் இயந்திரம் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஓர் அறை.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளை ஓடு பதித்த சுவர். மூன்று இயந்திரங்கள், 1, 2, 3 என்று எண் போட்டு. உலர்த்தும் அலமாரி. மூலையில் ஒரு பெரிய உருளை.

"டேய், இது நம்ம உருளை!"

படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்கு இடையில் விட்டுச் சுருக்கம் எடுக்கிற இயந்திரம். மருத்துவமனையில் இருப்பது நான்கு ஆள் நீளம், இது ஓர் ஆள் நீளம். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். தஞ்சாவூரிலிருந்து கிளம்பியதற்குப் பிறகு அவள் முகத்தில் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

சுவரில் ஒரு பலகை. மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் முப்பத்தொரு வரிசை. வரிசைக்கு ஐந்து துளை, நாளின் ஐந்து வேளை. ஒவ்வொரு வீட்டுக்கும் விரல் அளவு ஒரு பூட்டு, வீட்டு எண்ணோடு. வேண்டிய வேளைக்கான துளையில் பூட்டைச் செருகிச் சாவியைத் திருப்பினால் அந்த மூன்று மணி நேரம் நம்முடையது. அண்ணன் வீடு 14.

"இந்த ஊர்ல புருசன் பொண்டாட்டி பிரிஞ்சாகூட அப்புறம் சேந்து காபி குடிப்பாங்க அத்தை. அடுத்தவங்க நேரத்துல துணி போட்டீங்கன்னா அவ்ளோதான், ஜென்மப் பகை."

"நாங்களும் வார்டுக்கு வார்டு நேரம் போட்டுக் குடுப்போம்மா. யாரு கேட்டா? ஆபரேஷன் தேட்டர்காரன் எப்பவும் முன்னாடி வந்து நிப்பான். இத மாதிரி ஒரு பலகை இருந்திருந்தா நான் இன்னும் பத்து வருசம் நல்லா இருந்திருப்பேன்."

பிறகு மூன்று இயந்திரங்களின் கதவையும் திறந்து உள்ளே கையை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டாம் நம்பரு சரியில்ல. தண்ணி தங்குது."

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. அம்மா அண்ணியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் நானும் நகரத்துக்குள் நடந்தோம். சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். உண்மையை அண்ணன் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போவதும் ஒரு பொய்தான்.

கால்வாய் ஓரம் ஒரு பெஞ்சு. மதியம் ஒரு மணி. எங்கள் நிழல் எங்களைவிட நீளம்.

"சூரியன் இங்க தலைக்கு மேல ஏறாதா?"

"ஏறாது. டிசம்பர்ல இதுவும் இருக்காது. மூணரை மணிக்கே இருட்டிரும்."

"அப்பறம் துணி எங்க காயும்?"

"அலமாரில."

"அதுல காயும். கறை போவுமா? வெயில்ல போற கறைன்னு ஒண்ணு இருக்கு."

"அம்மா. ஒண்ணு சொல்லணும்."

அம்மா திரும்பினாள். முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்திருந்தாள். ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

"என்ன?"

"குளுருதா?"

"குளுருது" என்றாள். வேலியோரம் எடுத்த ஆப்பிளைப் பாதியாகக் கடித்து மீதியை என்னிடம் கொடுத்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அம்மா தேதி கேட்டாள். அண்ணி போனில் நாட்காட்டியைக் காட்டினாள். "அப்ப நாளைக்கு" என்றாள் அம்மா. கடைக்குக் கிளம்பிய அண்ணனிடம் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னாள். ஒன்று போதும் என்றாள்.

அக்டோபர் 1, புதன்

காலை ஏழு மணிக்கு எழுந்தேன். அம்மா இல்லை. வாசலில் செருப்பு இல்லை. ஆணியில் அடித்தளச் சாவி இல்லை.

கீழே போனேன்.

மூன்று இயந்திரங்களிலும் சந்தனம், குங்குமம். கண்ணாடிக் கதவின் மேல் விளிம்பில் ஒன்று, மூடியில் ஒன்று, பொத்தான்களுக்கு மேலே ஒன்று. உருளைக்குக் கொஞ்சம் பெரியதாக. தரையில் ஒரு தட்டில் பொரி, கடலை, சர்க்கரை. எலுமிச்சம்பழம் இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, நிலையின் இரு பக்கமும்.

அம்மா கண்ணை மூடி நின்றாள்.

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எனக்கும் அண்ணனுக்கும் பெயர் வைத்ததே ஒரு கூட்டத்தில். பொங்கல் உண்டு, வேறு எதுவும் இல்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று அம்மா வேலை இடத்தில் பூசணிக்காய் உடைத்து, எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, மடியில் பொரி கட்டிக்கொண்டு வருவாள். அப்பா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சொல்வார்: "மெஷினக் கும்புடலாம். அதாவது வேலை செய்யுது."

அம்மா கண்ணைத் திறந்தாள். "வந்துட்டியா. பொரி எடுத்துக்க."

"அம்மா, இது நம்ம நேரம் இல்ல. பலகையப் பாத்தியா? பன்னெண்டாம் நம்பர் வீட்டு நேரம்."

"நான் துணியா போட்டேன்? அஞ்சு நிமிசம்."

துடைக்கலாமா என்று பார்த்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். எலுமிச்சையையும் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். பொரி நமுத்திருந்தது. நன்றாக இருந்தது.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "பூசணிக்கா ஒடைக்கலயே?" என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 2, வியாழன்

அறைக் கதவில் ஓர் அறிவிப்பு. பெரிய எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி. அண்ணி படம் பிடித்து வந்து மொழிபெயர்த்தாள்.

"யாரோ இயந்திரங்களில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். என் தலையணை உறை பாழாகிவிட்டது. இது வேடிக்கை என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. குன்வோர், வீடு 12."

அண்ணன் ஏற்கெனவே ஈரத் துணியோடு போய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்திருந்தான். "விடுங்க. யாருன்னு தெரியாது. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

"சிவப்புப் பொட்டு வெச்சது யாருன்னா தெரியாது?" என்றாள் அண்ணி. "பதினெட்டு வீட்டுல நம்மள வுட்டா யாருங்க? எதுத்த வீட்டு லார்ஸா?"

"ஆறு வருசமா இந்தக் கட்டடத்துல என்னைப் பத்தி ஒரு பேச்சு வந்ததில்ல மேகலா."

"பேச்சே வந்ததில்லங்க. அதான் விசயம்."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அவளுக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்திருந்தது.

"கறையா? எதுல? பருத்தியா?"

"அம்மா, நீ சும்மா இரு."

"என்னாலதான கறை பட்டுச்சு? துணி எங்க?"

யாரும் தடுப்பதற்குள் அம்மா படியில் இறங்கிவிட்டாள். பின்னால் நான். 12ஆம் எண் கதவைத் தட்டினாள். அழைப்பு மணி இருந்தது. அம்மா தட்டினாள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபத்தைந்து இருக்கும். உயரம். கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மீ. ரெட். சாரி" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "பில்லோ."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மூன்று வருடம் தத்துவம் படித்தவன். விளக்க ஆரம்பித்தேன். ஆண்டில் ஒரு நாள், கருவிகளுக்கு, நன்றி, ஆனால் எங்கள் அப்பா கடவுள் மறுப்பாளர், ஆகவே இது சரியாகச் சொன்னால் வழிபாடு இல்லை. எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

குன்வோர் குறுக்கிட்டார். "உங்கள் அம்மா சலவை இயந்திரங்களுக்கு நன்றி சொன்னாரா?"

"ஆமாம்."

"மூன்றுக்குமா?"

"ஆமாம்."

யோசித்தார். "இரண்டாம் எண் அதற்குத் தகுதியானது அல்ல."

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. "அதான் அதுக்கு மட்டும் சின்னப் பொட்டா வெச்சேன்னு சொல்லு."

சொன்னேன். குன்வோர் சிரிக்கவில்லை. உள்ளே போனார். கதவை மூடவில்லை. உறையோடு வந்தார். வெள்ளை லினன், ஓரத்தில் வெள்ளை நூலால் இரண்டு எழுத்து. நடுவில் உள்ளங்கை அளவு இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தேய்த்தாள். முகர்ந்தாள்.

"வெந்நீர்ல போட்டுட்டாங்களா? கேளு."

"அறுபது டிகிரி" என்றார் குன்வோர்.

அம்மா உச்சுக்கொட்டினாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"செவப்பு நாளைக்கே போயிரும். மஞ்சளுக்கு வெயில் வேணும். இங்க வெயில் எப்ப வரும்னு கேளு."

குன்வோர் ஜன்னலுக்குப் போய் ஒரு நாளிதழைப் பார்த்துவிட்டு வந்தார். "சனிக்கிழமை."

அக்டோபர் 3, வெள்ளி

நாளை கிளம்புகிறேன்.

காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை எங்கள் நேரம். அண்ணி பூட்டியிருந்தாள். அம்மாவும் நானும் கீழே. உறையைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்பு தடவி, ஊற வைத்தாள். சிவப்பு இறங்கியது. வெளிறிய மஞ்சள் மட்டும் மிச்சம். படுக்கை விரிப்புகளை உருளையில் விட்டு எடுத்தோம். மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு நுனி. பின்னால் போய் இழுத்து, முன்னால் வந்து சேர்த்து, திரும்பப் பின்னால்.

கேட்டேன். வேறு எதையோ கேட்க வாயைத் திறந்து இதைக் கேட்டேன்.

"இங்க வந்து ஏம்மா பொட்டு வெச்ச?"

"இனி நான் ஓட்டப்போற மெஷினுக்கு வெக்காம? பாக்க வந்த மெஷினுக்கா வெப்பாங்க?"

பின்னால் போனாள். இழுத்தாள். நான் இழுக்கவில்லை. விரிப்பு தரையில் தொய்ந்தது.

"புடிடா. அழுக்காவுது."

பிடித்தேன்.

"எப்பத் தெரியும்?"

"நீ ஐதராபாத் போயிருந்தப்ப வீட்டுக்காரரு வெள்ளையடிக்க ஆள் கூட்டியாந்து அளந்துட்டுப் போனாரு. மூணு மாசம் ஊருக்குப் போறவ வீட்டுக்கு எவன் வெள்ளையடிப்பான்? அப்பறம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்காரரு. ஒன் இயர்னு அவரு சொன்னது எனக்குக் கேக்கல? முப்பத்தோரு வருசம் இங்கிலீசு நம்பர்லதான் துணி எண்ணுனேன்."

முன்னால் வந்தாள். நுனிகளைச் சேர்த்தாள். அவள் விரல் என் விரலைத் தொட்டது.

"கேட்டிருந்தா சரின்னுருப்பேன்டா. ரெண்டு பேருல ஒருத்தராவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

அவள் பின்னால் போனாள்.

"ஒரு வருசம் பாப்பேன். புடிக்கலன்னா கெளம்பிருவேன். என் பீரோவ மட்டும் ஜெபமேரி வீட்டுல போட்டுரு, கேட்டாச்சு. எடம் வுட்டு வெச்சிருக்கா." ஜெபமேரி அம்மாவோடு வேலை பார்த்தவள். "செழியன்ட்ட எதுவும் சொல்லாத. அவனா வந்து பக்குவமா சொல்லட்டும். எப்படித்தான் சொல்றான்னு பாக்கணும் எனக்கு."

சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன்.

ஏழு காரணங்கள். எட்டாவதை இங்கே எழுதுகிறேன். ஜனவரியில் நான் மாண்ட்ரியல் போகிறேன். ஆராய்ச்சிப் படிப்பு, ஐந்து வருடம். ஜூலையிலேயே கடிதம் வந்துவிட்டது. அம்மா தஞ்சாவூரில் தனியாக இருந்தால் என்னால் போக முடியாது. அண்ணனின் யோசனை என்று எல்லோரும் நினைப்பதை அவனிடம் முதலில் சொன்னவன் நான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். இதே வரிசையில்.

அம்மாவின் கை நின்றது. விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவே தொங்கியது. இயந்திரம் மூன்று பிழியத் தொடங்கியது. அது ஓய்ந்தது.

"அது தெரியாது எனக்கு" என்றாள்.

பிறகு, "அங்க இதவிடக் குளுருமா?"

"இதவிட."

"ம்."

முன்னால் வந்தாள். நுனிகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கடைசி இரண்டு மடிப்பைத் தனியாகவே மடித்தாள்.

அக்டோபர் 4, சனி

வெயில். குன்வோரின் நாளிதழ் பொய் சொல்லவில்லை. சாய்ந்த, மெல்லிய, எலுமிச்சை நிற வெயில். ஊரே வெளியே வந்து சுவரில் சாய்ந்து முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்களை மூடி, ஆளுக்கு இரண்டு கை அகலம் விட்டு. பார்க்கப் பூஜை மாதிரியே இருக்கிறது.

அம்மா உறையைப் பால்கனிக் கம்பியில் விரித்தாள். வெயில் நகர நகர அதையும் நகர்த்தினாள். கீழ் பால்கனியில் குன்வோர் கோப்பையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அம்மா இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு மணி நேரம் என்று. குன்வோர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவடியில் ஒரு கூடை இருந்தது. ஆறு ஆப்பிள். அவற்றின் கீழே, நன்றாக மடித்த, பழைய காபிக் கறை படிந்த மேசை விரிப்பு ஒன்று.

"இந்தம்மா வேல வாங்குது" என்றாள் அம்மா. விரிப்பைப் பிரித்துப் பார்த்தாள். "காபிதான. போயிரும்."

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அண்ணன் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். என் காதில், "அம்மாட்ட ஒண்ணும் ஒளறலியே?" என்றான்.

"இல்ல."

"நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அம்மா அடித்தளம் வரை போய்விட்டு வருவோம் என்றாள். போனோம். அவள் கையில் 14ஆம் எண் பூட்டு. பலகையின் முன் கண்ணாடியை மூக்கில் இறக்கி நின்றாள். அந்த மேசை விரிப்புக்கு நேரம் வேண்டும். செவ்வாய், காலை முதல் வேளை. காலியாக இருந்தது.

"மூணாம் நம்பர்லதான் போடுவேன்" என்றாள்.

"மாண்ட்ரியல் போறதுக்கு முன்னாடி இங்க வந்துட்டுப் போறேம்மா."

"டிக்கெட் வெல பாத்துட்டுச் சொல்லு." பிறகு, என்னைப் பார்க்காமல், "கேட்டுட்டுப் போ. எங்க போனாலும். வேணாங்க மாட்டேன், ஆனா கேளு" என்றாள்.

"சரிம்மா."

"வீட்டுக்காரரு கையில சாவி குடுக்கறதுக்கு முன்னாடி கொல்லக் கதவு தாப்பாளப் பாரு. அது மேல தூக்கிப் போட்டாத்தான் வுழும்."

பூட்டைத் துளையில் செருகினாள். சாவியைத் திருப்பினாள். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு அந்த விரல் அளவு பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.